எங்கிருந்து வழி கேட்கிறீர்கள்?

கோவை–திருச்சி சாலையும் திருப்பூர்–தாராபுரம் சாலையும் ஒன்றையொன்று வெட்டிக்கொள்ளும் இடத்தில் இருக்கிறது அவிநாசிபாளையம். அந்த நால்ரோட்டில் ஒரு தேநீர்க்கடை முன்பு நீங்கள் நிற்பதாக வைத்துக்கொள்வோம். பல்லடத்திலிருந்து மோட்டார் சைக்கிளில் வந்த ஒருவர், "திருப்பூருக்கு எப்படிங்க போறது?" என்று கேட்கிறார். "இடது கைப் பக்கம் திரும்பிக்கங்க" என்கிறீர்கள். அவரும் சரியாகப் போய்ச் சேர்ந்துவிடுகிறார். சற்று நேரம் கழித்துக் காங்கேயத்திலிருந்து இன்னொருவர் வந்து அதே கேள்வியைக் கேட்கிறார். நீங்களும் பேச்சு வாக்கில் அதே பதிலைச் சொல்லிவிடுகிறீர்கள். அவர் இடது கைப் பக்கம் திரும்பினால் எங்கே போவார்? தாராபுரத்துக்கு!

திருப்பூர் இடம் மாறவில்லை. நீங்கள் சொன்ன சொற்களும் மாறவில்லை. கேட்டவர் வந்த திசைதான் மாறியது. "இடது" என்பது சாலையின் குணமன்று. சாலையில் வருகிறவரைப் பொறுத்த குணம். இயற்பியல் மாணவர்கள் இதனைக் 'குறிப்பாயம்' என்ற பெயரில் படித்திருப்பீர்கள். ஒரு பொருளின் இருப்பிடத்தைச் சொல்ல வேண்டுமானால், எந்த ஆதிப்புள்ளியிலிருந்து அளக்கிறோம் என்பதை முதலில் சொல்லியாக வேண்டும்.

இந்த எளிய உண்மையை ஒரு கணிப்பொறி நிரல் மறந்துபோனால் என்ன ஆகும்? ஒரு வாரக் கூலியே குறைந்துபோகக் கூடும். அப்படி நடந்த ஒன்றை நான் அறிவேன். அதைக் கொண்டே இந்தக் கட்டுரையை விளக்க முயல்கிறேன்.

சனிக்கிழமைச் சீட்டு

என்னிடம் இயற்பியல் படித்த மாணவர் ஒருவர், பின்னர் தாமாகவே நிரல் எழுதக் கற்றுக்கொண்டார். இப்பகுதியிலுள்ள சிறிய பனியன் கம்பெனி ஒன்றுக்குச் சம்பளக் கணக்கு நிரல் எழுதித் தந்தார். பனியன் தொழிலில் பலருக்கு மாதச் சம்பளம் இல்லை. தைத்த உருப்படிக்கு இவ்வளவு என்ற பீஸ் ரேட்தான். வாரம் முழுவதும் ஓவர்லாக், பிளாட்லாக், செக்கிங் எனப் பிரிவுவாரியாக எண்ணிக்கை பதிவாகும். சனிக்கிழமை சீட்டும் பணமும் கைக்கு வரும்.

அடிப்படைக் கூலி சம்பள நிரலுக்குள்ளேயே எழுதப்பட்டிருந்தது. பின்னர் ஒப்புக்கொள்ளப்பட்ட கூலி உயர்வு மட்டும் தனியாக வேறொரு கோப்பில் இருந்தது. உயர்வு விகிதம் மாறும்போதெல்லாம் அந்த ஒரு கோப்பைத் திருத்தினால் போதும் என்பது அவருடைய எண்ணம். நல்ல எண்ணம்தான். அலுவலகத்தில் உட்கார்ந்து பக்கத்தைத் திறந்து பார்த்தபோதெல்லாம் கணக்கு மிகச் சரியாக வந்தது. எனவே, சனிக்கிழமை விடியற்காலையில் யாரும் தொடாமலேயே நிரல் தானாக ஓடிச் சீட்டுகளை ஆயத்தம் செய்யுமாறு பொறியில் நேரம் குறித்து வைத்தார்.

அந்தச் சனிக்கிழமை சீட்டுகள் வந்தன. எல்லாம் ஒழுங்காகவே தோன்றின. ஆனால் தையல் பிரிவைச் சேர்ந்த ஒரு பெண், தாம் நாள்தோறும் தைத்த எண்ணிக்கையை ஒரு சிறு நோட்டில் குறித்து வைத்திருந்தார். சீட்டிலுள்ள எண்ணிக்கை நோட்டுடன் ஒத்துப்போயிற்று, தொகைதான் ஒத்துப்போகவில்லை. விளக்கத்துக்காக எளிய எண்களை எடுத்துக்கொள்வோம். பீசுக்கு 3 ரூபாய் வீதம் 1,200 பீசுக்கு 3,600 ரூபாய். 10 விழுக்காடு உயர்வைச் சேர்த்தால் 3,960 ரூபாய் வர வேண்டும். சீட்டில் இருந்ததோ வெறும் 3,600. உயர்வு முழுவதும் காணாமற்போயிருந்தது. அவருக்கு மட்டுமல்ல, எல்லாருக்கும்!

நிரலில் ஓர் எழுத்தும் மாறவில்லை. கூலி உயர்வுக் கோப்பும் வைத்த இடத்திலேயே இருந்தது. பின் எங்கே பிழை? இதற்கு விடை காண, கணிப்பொறி தன் கோப்புகளை எப்படி அடுக்கி வைக்கிறது என்று பார்ப்போம்.

தலைகீழ் மரம்

கணிப்பொறியின் கோப்புகள் ஒரு தலைகீழ் மரம்போல் அடுக்கப்படுகின்றன. உச்சியில் வேர், அதிலிருந்து கிளைகளாகக் கோப்புறைகள், கோப்புறைக்குள் மேலும் கோப்புறைகள், இலைகளாகக் கோப்புகள். 1965-ஆம் ஆண்டில் மல்டிக்ஸ் என்னும் இயக்க முறைமைக்காக டேலி, நியூமன் என்ற இருவர் இத்தகைய அடுக்குமுறையை விவரித்து எழுதினர். 1969-இல் பெல் ஆய்வுக்கூடத்தில் கென் தாம்சனும் டெனிஸ் ரிச்சியும் தொடங்கிய யூனிக்ஸ் இதனை உலகறியச் செய்தது. இன்று வலைப்பக்கங்களை வழங்கும் பொறிகளில் பெரும்பாலானவை யூனிக்ஸின் வழிவந்த லினக்ஸ் முறைமையில் இயங்குகின்றன.

நம் மாணவரின் கோப்புகள் இப்படி அமைந்திருந்தன. (பெயர்களையும் ஆணைகளையும் இங்கே தமிழெழுத்தில் தருகிறேன். பொறியில் ஆணைகளை ஆங்கில எழுத்திலேயே இட வேண்டும்.)

/வலை/பனியன்/முகப்பு.பிஎச்பி
/வலை/பனியன்/அலுவலகம்/சம்பளம்.பிஎச்பி
/வலை/பனியன்/பொது/உயர்வு.பிஎச்பி

ஒவ்வொரு வரியும் சாய்கோட்டில் தொடங்குகிறது. அந்த முதல் சாய்கோடு வேரைக் குறிக்கும். வேரிலிருந்து இலை வரை ஒன்றுவிடாமல் சொல்லப்படுவதால் இது முழுப் பாதை. அஞ்சல் உறையில் மாவட்டம், ஊர், தெரு, கதவிலக்கம் என்று எழுதி, 1972-இல் நடைமுறைக்கு வந்த அஞ்சல் குறியீட்டு எண்ணையும் சேர்ப்பது போன்றது இது. எந்த ஊர்ப் பெட்டியில் போட்டாலும் கடிதம் ஒரே வீட்டுக்குத்தான் போகும்.

ஆனால் முழுப் பாதையில் ஒரு தொல்லை உண்டு. நாளை இந்தக் கோப்புகளை வேறொரு பொறிக்கு மாற்றினால், அங்கே 'வலை' என்ற கோப்புறையே இல்லாதிருக்கலாம். அப்போது எல்லா நிரல்களிலும் எல்லாப் பாதைகளையும் மாற்றி எழுத வேண்டும். இதைத் தவிர்க்க வந்ததே சார்புப் பாதை.

இரண்டு புள்ளிகளின் பொருள்

யூனிக்ஸ் முறையில் ஒவ்வொரு கோப்புறையிலும் இரு சிறப்புப் பெயர்கள் உண்டு. ஒற்றைப் புள்ளி என்றால் 'இதே கோப்புறை'. இரட்டைப் புள்ளி என்றால் 'இதற்கு மேலுள்ள கோப்புறை'. வேருக்கு மேலே ஒன்றுமில்லை ஆதலால், வேரின் இரட்டைப் புள்ளி வேரையே குறிக்கும்.

இப்போது 'அலுவலகம்' கோப்புறையில் நிற்பதாக எண்ணிக்கொள்ளுங்கள். '../பொது/உயர்வு.பிஎச்பி' என்றால் என்ன பொருள்? ஒரு படி மேலேறி 'பனியன்' கோப்புறைக்குப் போ. அங்கிருந்து 'பொது' என்னும் கோப்புறைக்குள் இறங்கு. அங்கே 'உயர்வு' கோப்பை எடு. வீட்டை விட்டுத் தெருவுக்கு வந்து அடுத்த வீட்டுக்குள் நுழைவது போலத்தான். இரண்டு படி ஏற வேண்டுமானால் '../../' என எழுதலாம்.

சார்புப் பாதையின் சிறப்பு, மரம் முழுவதையும் பெயர்த்து வேறிடத்தில் நட்டாலும் கிளைகளுக்கிடையே உள்ள உறவு மாறாது என்பதாகும். அதன் குறை, தொடங்கும் இடம் எது என்பது பாதைக்குள் எழுதப்படவில்லை என்பதாகும். அவிநாசிபாளையத்து 'இடது கைப் பக்கம்' போல!

சேர்க்கும் ஆணை

பி.எச்.பி. என்பது வலைப்பக்கங்களை ஆக்குவதற்கான நிரல்மொழி. கிரீன்லாந்தில் பிறந்த ராஸ்மஸ் லெர்டார்ஃப் 1994-இல் தம் சொந்தப் பக்கத்துக்காக எழுதிய சிறு கருவிகளிலிருந்து இது வளர்ந்தது. 1995-இல் அவர் அதைப் பொதுமக்களுக்கு வெளியிட்டார். 2003-இல் தொடங்கப்பட்ட தமிழ் விக்கிப்பீடியாவை நீங்கள் படித்திருப்பீர்கள். அதனை இயக்கும் மீடியாவிக்கி என்னும் மென்பொருள் பி.எச்.பி. மொழியில் எழுதப்பட்டதே.

ஒரு தளத்தில் நூறு பக்கங்கள் இருந்தால், நூறிலும் தலைப்பையும் பட்டியலையும் திரும்பத் திரும்ப எழுதுவது வீண் வேலை. ஒரே கோப்பில் எழுதி வைத்து, வேண்டும் இடங்களில் அழைத்துக்கொள்ளலாம். அதற்கான ஆணைதான் 'இன்க்ளூட்'. நம் மாணவர் சம்பள நிரலில் இவ்வாறு எழுதியிருந்தார்:

இன்க்ளூட் '../பொது/உயர்வு.பிஎச்பி';

இங்கேதான் கவனம் தேவை. இரட்டைப் புள்ளியை எந்தக் கோப்புறையிலிருந்து எண்ணுவது? 'இந்த வரி எழுதப்பட்டுள்ள கோப்பு இருக்கும் கோப்புறையிலிருந்து' என்றுதான் பெரும்பாலோர் நினைப்பர். அது பிழை. பாதை புள்ளியில் தொடங்கினால், பி.எச்.பி. அதனைத் தன் 'நடப்புக் கோப்புறை'யிலிருந்தே எண்ணுகிறது. அதாவது, நிரல் ஓடும் அந்த நேரத்தில் பொறி எந்தக் கோப்புறையில் நிற்கிறதோ அங்கிருந்து!

ஒரே வரி, மூன்று முடிவுகள்

மூன்று நிலைமைகளை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

முதலாவது: அலுவலகத்தார் உலாவியில் சம்பளப் பக்கத்தை நேரடியாகத் திறக்கிறார்கள். வலைப்பக்கம் வழங்கும் பொறியில், அழைக்கப்பட்ட முதல் நிரல் இருக்கும் கோப்புறையே வழக்கமாக நடப்புக் கோப்புறையாகும். எனவே நடப்புக் கோப்புறை /வலை/பனியன்/அலுவலகம். ஒரு படி மேலேறி இறங்கினால் /வலை/பனியன்/பொது/உயர்வு.பிஎச்பி. கோப்பு கிடைக்கிறது.

இரண்டாவது: முகப்புப் பக்கத்திலேயே சம்பள விவரமும் தெரியட்டும் என்று, முகப்பு நிரல் சம்பள நிரலைத் தனக்குள் சேர்த்துக்கொள்கிறது. இப்போது முதலில் அழைக்கப்பட்டது முகப்பு. ஆகவே நடப்புக் கோப்புறை /வலை/பனியன். சம்பள நிரலுக்குள்ளிருக்கும் அதே வரி ஒரு படி மேலேறினால் /வலை என்ற இடத்துக்குப் போய்விடும். அங்கே /வலை/பொது என்று ஒன்று இல்லை. கோப்பு கிடைக்காது.

மூன்றாவது: சனிக்கிழமை விடியற்காலையில் பொறியின் நேரங்காட்டி நிரலை ஓட்டுகிறது. லினக்ஸில் இந்த வேலையைச் செய்யும் அமைப்புக்குக் கிரான் என்று பெயர். கிரான் வேலையைத் தொடங்கும்போது பொதுவாக அந்தப் பயனரின் சொந்தக் கோப்புறையில் நிற்கும். ஆணைவரி வழியாக ஓடும் பி.எச்.பி.யும் நிரல் இருக்கும் கோப்புறைக்குத் தானாக நகர்வதில்லை. பயனரின் கோப்புறை /வீடு/கணக்கு என்றால், அதே வரி /வீடு/பொது/உயர்வு.பிஎச்பி என்ற, எங்குமே இல்லாத கோப்பைத் தேடும்.

அந்தச் சனிக்கிழமை நடந்தது இதுதான். காங்கேயத்திலிருந்து வந்தவரிடம், பல்லடத்துக்காரருக்குச் சொன்ன வழியைச் சொன்ன கதை!

புள்ளியில் தொடங்காமல் வெறும் பெயரை மட்டும் எழுதினால், பி.எச்.பி. அமைப்பில் குறித்து வைக்கப்பட்ட இடங்களிலும், பிறகு அழைக்கும் கோப்பின் கோப்புறையிலும், நடப்புக் கோப்புறையிலும் தேடிப் பார்க்கும். அதனால் சில சமயம் பிழையான நிரலும் தற்செயலாக ஓடிவிடுவதுண்டு. எங்கோ இருக்கும் அதே பெயருள்ள வேறு கோப்பைப் பிடித்துக்கொள்ளும் ஆபத்தும் உண்டு.

நாட்டி வைத்த மைல்கல்

மருந்து எளியது. தொடங்கும் இடத்தைப் பாதைக்குள்ளேயே சொல்லிவிட வேண்டும். பி.எச்.பி.யில் இதற்கென ஒரு மாறிலி உள்ளது. 'டிஐஆர்' என்ற மூன்று ஆங்கிலப் பேரெழுத்துகளுக்கு முன்னும் பின்னும் இரண்டிரண்டு அடிக்கோடுகளை இட்டு எழுதுவர். 2009-இல் வெளிவந்த 5.3 பதிப்பில் இது அறிமுகமாயிற்று. இந்த மாறிலி எந்தக் கோப்பில் எழுதப்பட்டிருக்கிறதோ, அந்தக் கோப்பு இருக்கும் கோப்புறையின் முழுப் பாதையைத் தரும். யார் அழைத்தாலும், எங்கிருந்து அழைத்தாலும் அதன் மதிப்பு மாறாது. சாலையோரத்து மைல்கல்லைப் போன்றது. எந்தத் திசையிலிருந்து வந்தாலும் கல் தன் இடத்திலேயே இருக்கும்.

வரியை இவ்வாறு மாற்றினார்கள்:

ரிக்குவயர் __டிஐஆர்__ . '/../பொது/உயர்வு.பிஎச்பி';

நடுவிலுள்ள புள்ளி இரு சொற்றொடர்களை ஒட்டும் குறி. ஒட்டினால் /வலை/பனியன்/அலுவலகம்/../பொது/உயர்வு.பிஎச்பி என்றாகும். மூன்று நிலைமைகளிலும் ஒரே கோப்பு. மரத்தை வேறு பொறிக்குப் பெயர்த்தாலும் திருத்த வேண்டியதில்லை. முழுப் பாதையின் உறுதியும் சார்புப் பாதையின் வசதியும் இங்கே ஒன்றுசேர்கின்றன.

மேற்கோளுக்குள் முதலில் வரும் சாய்கோட்டை மறந்துவிடாதீர்கள். மாறிலியின் முடிவில் சாய்கோடு இராது. நீங்களும் விட்டுவிட்டால் 'அலுவலகம்..' என்ற பெயரில் ஒரு கோப்புறையைப் பொறி தேடத் தொடங்கிவிடும்.

இது ஏதோ சிறு தந்திரம் என்று எண்ண வேண்டாம். 2003-இல் தோன்றி உலகெங்கும் பரவியுள்ள வேர்டுபிரஸ் மென்பொருளின் முகப்புக் கோப்பும் அடுத்த கோப்பை இந்த மாறிலியைக் கொண்டே அழைக்கிறது.

எச்சரிக்கையா, நிறுத்தமா?

உன்னிப்பாகப் படித்தவர்கள் இன்னொரு கேள்வி கேட்பார்கள். கோப்பு கிடைக்காதபோது பொறி ஏன் கூச்சலிடவில்லை? தவறான சீட்டை ஏன் அச்சிட்டது?

'இன்க்ளூட்' ஆணைக்குக் கோப்பு கிடைக்காவிட்டால் பி.எச்.பி. ஓர் எச்சரிக்கையை மட்டும் கொடுத்துவிட்டு மேலே போய்விடும். உயர்வு விகிதத்துக்கு மதிப்பே தரப்படாததால், கூட்டலில் அது சுழியமாகக் கொள்ளப்பட்டது. அதற்கும் ஓர் எச்சரிக்கைதான். விடியற்காலையில் அந்த எச்சரிக்கைகளைப் படிக்க யார் இருந்தார்கள்? உயர்வு சுழியமானால் பழைய கூலிதானே மிஞ்சும். சீட்டு பார்வைக்குக் குற்றமற்றதாகவே இருந்தது. அதுவே பெரிய ஆபத்து. முற்றிலும் பிழையான விடையை எவரும் கண்டுபிடித்துவிடுவர். கொஞ்சம் பிழையான விடைதான் கண்ணுக்குத் தப்பிவிடும்.

'ரிக்குவயர்' ஆணை அப்படியன்று. கோப்பு கிடைக்காவிட்டால் நிரலை அங்கேயே நிறுத்திவிடும். சனிக்கிழமை சீட்டே வராமல் போயிருந்தால், காலை எட்டு மணிக்கே பிழை தெரிந்திருக்கும். ஆகவே அலங்காரமான ஒன்று இல்லாவிட்டாலும் பரவாயில்லை என்றால் 'இன்க்ளூட்'. அது இல்லாமல் கணக்கே தவறிவிடும் என்றால் 'ரிக்குவயர்'. ஒரே கோப்பு இருமுறை சேர்ந்துவிடக் கூடாதென்றால் இவற்றின் பின்னால் 'ஒன்ஸ்' என்ற சொல்லைச் சேர்த்த வடிவங்கள் உள்ளன.

வழியில் உள்ள வேறு சில பள்ளங்கள்

ஒன்று: வலைப்பக்க இணைப்பில் முதலில் வரும் சாய்கோடு தளத்தின் முகப்பைக் குறிக்கும். சேர்க்கும் ஆணையில் வரும் முதல் சாய்கோடோ பொறியின் வட்டின் வேரைக் குறிக்கும். முன்னது உலாவி காணும் உலகம், பின்னது பி.எச்.பி. காணும் உலகம். இரண்டையும் குழப்பிக்கொள்ளக் கூடாது.

இரண்டு: ஆங்கிலத்தில் பேரெழுத்து, சிற்றெழுத்து என்ற வேறுபாடு உண்டு. விண்டோஸ் பொதுவாக அதைப் பொருட்படுத்தாது, லினக்ஸ் பொருட்படுத்தும். வீட்டுப் பொறியில் ஓடிய நிரல் வழங்கிப் பொறியில் ஓடாமற்போவதற்கு இது ஓர் அடிக்கடி நேரும் காரணம்.

மூன்று: பக்கத்தைப் பார்க்க வருபவர் தட்டச்சிடும் பெயரை அப்படியே பாதையில் சேர்க்கவே கூடாது. தீய எண்ணம் கொண்ட ஒருவர் '../../../' என்று ஏணி போட்டு ஏறி, நீங்கள் காட்ட விரும்பாத கோப்புகளைத் திறந்துவிடுவார். அனுமதிக்கப்பட்ட பெயர்களின் பட்டியல் ஒன்றை வைத்துக்கொண்டு, அதில் இருந்தால் மட்டுமே சேர்க்க வேண்டும். சம்பள விவரம், கடவுச்சொல் போன்றவை உள்ள கோப்புகளை உலாவிக்கு எட்டாத கோப்புறையில் வைத்து, நிரல் வழியாக மட்டும் அழைப்பது நலம்.

செய்து பாருங்கள்

சொன்னதை நம்பிவிட்டுப் போவது அறிவியல் மாணவர்க்கு அழகன்று. பி.எச்.பி. உள்ள ஒரு கணிப்பொறியில், மேலே காட்டியபடி மூன்று கோப்புகளை ஆக்குங்கள். சம்பளக் கோப்பில் இரண்டு வரிகள் எழுதுங்கள்: ஒன்று நடப்புக் கோப்புறையை அச்சிட வேண்டும், அதற்கான ஆணையின் பெயர் 'கெட்சிடபிள்யூடி'. மற்றொன்று நாம் கண்ட மாறிலியை அச்சிட வேண்டும். பிறகு அக்கோப்பை மூன்று வழிகளில் ஓட்டுங்கள்: உலாவியில் நேரடியாக, முகப்பின் வழியாக, வேறொரு கோப்புறையில் நின்றுகொண்டு ஆணைவரியிலிருந்து. முதல் வரியின் விடை ஒவ்வொரு முறையும் மாறும். இரண்டாவது வரியின் விடை மூன்று முறையும் ஒன்றாகவே இருக்கும். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பார்த்தால், இந்தக் கட்டுரை சொல்ல வந்தது முழுவதும் உங்கள் தாளில் இருக்கும்.

அந்தப் பனியன் கம்பெனியில் விடுபட்ட தொகையை அடுத்த வாரச் சீட்டில் சேர்த்துக் கொடுத்துவிட்டார்கள். நிரலில் ஒரே ஒரு வரிதான் மாறியது. மாணவர் இப்போது நிரலைச் சரிபார்க்கும்போது அலுவலக நாற்காலியிலிருந்து மட்டும் பார்ப்பதில்லை. கிரான் நிற்கும் இடத்திலிருந்தும் ஒருமுறை ஓட்டிப் பார்க்கிறார். தையல் பிரிவுப் பெண்ணோ தம் நோட்டில் குறித்து வைப்பதை இன்னும் நிறுத்தவில்லை. நிறுத்தவும் வேண்டாம் என்பதே என் கருத்து.